அயலரசின் ஆதரவும் அந்நியரென்னும் முத்திரையும்

வினா

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கி வரும் இருப்புப்பாதை மதவாச்சியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒன்று மேற்கே மன்னார்ப் பக்கம் திரும்பித் தலைமன்னார்த் துறையில் முடிய, மற்றையது வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என வன்னிக் காட்டை ஊடறுத்து யாழ்ப்பாணம் செல்கின்றது. 1960களின் பிற்பகுதி தொடங்கி 1980களின் முற்பகுதி வரையில், மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து இந்தியப் பாஸ்போட்டோடு புறப்பட்ட குடும்பங்களை மேற்குப் பாதை ஏற்றிச் சென்றது. வழியனுப்ப வந்தோர் எழுப்பிய அழுகுரலாலே அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்னும் பெயரும் உண்டாயிற்று. அதே காலத்தில், இந்தியாவுக்குப் போக மனமின்றியும் தோட்டத்தில் இருக்க வழியின்றியும் தத்தளித்த வேறு பல குடும்பங்கள் வடக்கே வந்து, வன்னியின் சந்திகளில் இறங்கி, காடு வெட்டிக் குடியமர்ந்தன. புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணி நோக்கிக் கிழக்கே செல்லும் பாதையிலும், கிளிநொச்சிப் பக்கத்து மலையாளபுரம், பாரதிபுரம் முதலிய ஊர்களிலும் இன்று வாழ்வோரிற் பலருடைய பூர்வகதை அந்த இரண்டாம் பாதையோடு சேர்ந்தது.

எந்தக் கிளையிற் செல்வது என்பதை அவ்வண்டிகளில் அமர்ந்திருந்தோர் தாமாகவே தீர்மானித்தனர் என்பது பாதி உண்மையே. அவர்களைப் பற்றிய விவாதம் அவர்களில்லாத இடங்களிலேயே பெரும்பாலும் நடந்தது; அவ்விவாதத்திற் கொழும்புக்குச் சமமாக டில்லியும் பங்குகொண்டது. அயல்நாட்டு அரசாங்கம் ஒன்று, பிறிதொரு நாட்டில் நடைபெறும் குடியேறியோர் பற்றிய வாதத்திற் புகும்போது, அது எவருக்காகப் பரிந்து பேசுகின்றதோ அவர்களுடைய ஸ்தானம் உயர்கின்றதா, தாழ்கின்றதா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகுந்த வினா.

வழங்கிவரும் இரு விளக்கங்கள்

இவ்விஷயத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் நெடுங்காலமாக நிலவுகின்றன. சிங்கள தேசியவாதிகளின் எழுத்துக்களில் இந்தியா என்பது சின்னஞ்சிறு தீவின் தலைமாட்டிற் படுத்திருக்கும் பெரும் பூதம். தோட்டத் தொழிலாளர் அதன் முன்னணிச் சேனை. அவர்களுக்கு வாக்குரிமை கொடுப்பது கண்டிச் சிங்களவரின் நிலத்தையும் அரசியல் ஆதிக்கத்தையும் அந்நியரிடம் ஒப்புவிப்பதாகும் என்பது அவ்வாதத்தின் சாரம். தமிழரிடையே வழங்கும் விளக்கமோ இதற்கு நேர்மாறானது. இந்தியா முதலிற் காத்தது, பின்னர்க் கைவிட்டது. நேரு உறுதியாக நின்றார், சாஸ்திரி விட்டுக்கொடுத்தார் என்று அது கதையை இரு பாகமாக வகுக்கின்றது.

இரண்டுக்கும் ஆதாரமில்லாமலில்லை. ஆயினும், ஒன்று டில்லியின் பலத்தை மிகைப்படுத்துகின்றது. மற்றது டில்லியின் மனத்தை ஆராய்வதிலேயே நின்றுவிடுகின்றது. டில்லி என்ன எண்ணிற்று என்பதைக் காட்டிலும், டில்லி பேசியபோதெல்லாம் கொழும்பில் நடந்த வாதம் எவ்வாறு திரும்பிற்று என்பதைக் கவனிப்பதே பயனுடையது என்பது என் துணிபு.

முகவர் முதற் தடையுத்தரவு வரை

1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டத்தை அடுத்து, 1923இல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்த்தப்பட்டார். தோட்டங்களைச் சென்று பார்ப்பதும், தொழிலாளரின் முறைப்பாடுகளைக் கேட்பதும், டில்லிக்கு அறிக்கை அனுப்புவதும் அவர் உத்தியோகம். ஆள் அனுப்புவதை நிறுத்தும் அதிகாரம் இந்திய அரசாங்கத்தின் கையில் இருந்ததாலும், ஆளின்றித் தேயிலை இல்லை என்பதாலும், அம்முகவரின் சொல்லுக்குத் துரைமார் செவிசாய்க்க வேண்டியதாயிற்று. கங்காணியின் கடனிலும் துண்டு முறையிலும் கட்டுண்டு கிடந்தவர்களுக்கு 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கிடைத்தமைக்கு இந்த நெருக்குதல் ஒரு பிரதான காரணம். அயலரசின் தலையீட்டால் ஏழைகள் கண்கூடாக அடைந்த நன்மைக்கு இதனிலும் தெளிந்த உதாரணம் இவ்வரலாற்றில் இல்லை. இதை முதலில் ஒப்புக்கொள்ளாமல் மேலே செல்வது நேர்மையன்று.

ஆனால் அந்நன்மை ஒரு நிபந்தனையோடு வந்தது. தொழிலாளியின் முறைப்பாட்டைக் கேட்கக் கண்டியிலே இந்திய அரசின் உத்தியோகத்தர் இருக்கும்வரை, அத்தொழிலாளி இந்திய அரசின் பிரஜை என்று கருதப்படுவதும் இயல்பாயிற்று. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ்ச் சர்வசன வாக்குரிமை வந்தபோது இது வெளிப்பட்டது. தோட்டத் தொழிலாளர் எத்தனை ஆண்டு வாழ்ந்தால், எந்தச் சான்றைக் காட்டினால் வாக்களிக்கலாம் என்ற சர்ச்சையில், சிங்களத் தலைவர்கள் எழுப்பிய கேள்வி ஒன்றே: ஓர் அரசின் முகவரால் பாதுகாக்கப்படுவோர் மற்றோர் அரசின் வாக்காளராவது எங்ஙனம்? அட்டன் தொகுதியிலிருந்து சென்ற பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியாகப் பதவி வகித்த காலத்திலும் இக்கேள்வி ஓய்ந்தபாடில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் அரசாங்கக் காணிகளை இலங்கையருக்கே உரியனவாக்கியது. அச்சட்டத்தை வாசகர் நினைவிற் கொள்ளவேண்டும். வன்னிக்கு வரும்போது அதனை மறுபடி சந்திப்போம்.

1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைபார்த்த இந்தியரை நீக்கும் முயற்சி எழுந்தது. அவ்வாண்டு யூலையில் ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். மந்திரிகளோடு நடத்திய பேச்சு பயன் தரவில்லை. ஆயினும் பலவாறு பிரிந்து நின்ற இந்தியர் சங்கங்கள் அவர் ஆலோசனைப்படி ஒன்றிணைந்து, யூலை 25ஆம் திகதி இலங்கை இந்தியக் காங்கிரஸ் உதயமாயிற்று. அடுத்த வாரமே, ஆகஸ்ட் 1ஆம் திகதி, தொழிற்பயிற்சியில்லாத கூலியாட்கள் இலங்கை செல்வதை இந்திய அரசாங்கம் தடைசெய்தது. இத்தடை கொழும்பைத் தண்டிப்பதற்கு விதிக்கப்பட்டது. விளைந்ததோ விசித்திரம். இந்தியர் வரவைத் தடுக்கவேண்டும் என்று கொழும்பில் முழங்கியோர் கேட்ட கதவடைப்பையே டில்லி தன் கையால் செய்து கொடுத்தது. தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ ஊர் பார்க்கச் சென்றால் திரும்பிவர முடியுமோ என்ற அச்சத்தால், வருவதும் போவதுமாக இருந்த தொழிலாளர் லயத்தோடு லயமாக வேரூன்றினர். நடைமுறையில் அவர்களை இலங்கையராக்கிய அதே ஆண்டுதான், பெயரளவில் ‘இந்திய’ என்ற அடைமொழியை அவர்களுடைய அரசியல் ஸ்தாபனத்துக்குச் சூட்டியதும்.

இங்கே ஒரு சிறு விலகல். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, பத்திரிகையும் தொழிற்சங்கமும் நடத்தித் தோட்டத்துக்குள் நுழைந்த கோ. நடேசய்யர், டில்லியின் முகவரை நம்பியிராமல், தொழிலாளரையே திரட்டும் வழியை அதற்கு முன்னரே காட்டியிருந்தார். அவ்வழி பெருவழியாகாமற் போனதற்குக் காரணங்கள் பல. நேருவின் பெயரில் இருந்த மகத்தான கவர்ச்சியும் அவற்றுள் ஒன்று என்றால் குற்றமாகாது.

தாய்மொழியே சாட்சியாதல்

சுதந்திரத்தின்பின் நடந்தவை பலரும் அறிந்தவையாதலின் விரைந்து சொல்லலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறப்பு வழிச் சான்றைக் கேட்டது. தகப்பன், பாட்டன் பிறந்த பத்திரத்தை லயத்துக் கூரையில் எவர் சேமித்து வைத்திருந்தார்? 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், 1946 சனவரி 1க்கு முன் மணமானவர் ஏழாண்டும் ஏனையோர் பத்தாண்டும் இடைவிடாது வாழ்ந்தமையைக் காட்டினால் பதிவு தருவதாகச் சொல்லியது. அவ்வாண்டே தேர்தற் சட்டத் திருத்தம் பிரஜைகளல்லாதார் பெயரை இடாப்பிலிருந்து நீக்கியது. 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. 1953இல் கோடகன்பிள்ளை வழக்கில், இலண்டன் கோமறைக் கழகம் இச்சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இக்காலத்தில் டில்லி கொண்ட நிலைப்பாடு தர்க்கரீதியில் வலுவுடையது. இலங்கைப் பிரஜையல்லாத ஒருவர் அதனாலேயே இந்தியராகிவிடார்; இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரையின்படி தாமே விரும்பிப் பதிந்துகொண்டால் மட்டுமே இந்தியராவார்; மற்றையோர் நாடற்றவர், அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றது நேருவின் அரசாங்கம். முன்னர் டில்லி பாதுகாவலனாகப் பேசியபோது ‘பாருங்கள், இவர்கள் இந்தியர்’ என்ற கொழும்பு, இப்போது டில்லி ஏற்க மறுத்தபோதும் ‘எவராயினும் எம்மவரல்லர்’ என்றது. டில்லி கையை நீட்டினாலும் மடக்கினாலும் கொழும்பின் வாதம் அதனைத் தனக்குச் சாதகமாக்கிக் கொண்டது.

ஆயினும் 1954 சனவரியில் டில்லியிற் கைச்சாத்தான நேரு–கொத்தலாவலை உடன்படிக்கையை நிதானமாகப் படிப்போர்க்கு, ‘நேரு உறுதியாக நின்றார்’ என்ற நம் பரம்பரை நம்பிக்கை சற்றே ஆட்டங்காணும். இவ்வுடன்படிக்கை தொடங்குவதே சட்டவிரோதக் குடிவரவைப் பற்றித்தான். தமிழகக் கரையிலிருந்து வள்ளங்களில் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஆட்கள் வந்திறங்கியமை உண்மை. அதனைத் தடுப்பது எந்த அரசாங்கத்துக்கும் உரிய கருமம். ஆனால் தடுப்பதற்கு வகுத்த உபாயம் யாது? வாக்காளர் இடாப்பில் இல்லாத வயதுவந்தோர் யாவரையும் ஒரு பதிவேட்டிற் சேர்ப்பது. அப்பதிவு முடிந்தபின், அதிற் பெயரில்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின், அவர் இந்தியாவிலிருந்து களவாக வந்தவரென்றே அனுமானித்து நாடுகடத்துவது. இந்திய ஸ்தானிகர் அதற்கு வேண்டிய வசதியளிப்பது. இவ்வாசகத்துக்குக் கீழ்க் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர், தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலார் இலங்கையரே என்று வாதித்து வந்த ஜவாஹர்லால் நேரு.

இந்த ஒரு வாசகத்தை வன்னியில் இருந்து படிப்பவனுக்கு உண்டாகும் உணர்ச்சி வேறு. தமிழ் ஓர் ‘இந்திய மொழி’ என்றால், பனங்காமத்திலும் முள்ளியவளையிலும் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு வரும் மொழி எது? யாழ்ப்பாணத்தவனும் வன்னியானும் இடாப்பிற் பெயருள்ளவராதலால் அவ்வாசகம் அவர்களைத் தொடவில்லை என்பது சட்டரீதியான சமாதானம். மொழியைக் கொண்டே அந்நியத்தன்மையை அனுமானிக்கலாம் என்ற கொள்கையை இரண்டு அரசாங்கங்களும் கூடி அங்கீகரித்துவிட்ட பின்னர், அது தோட்டத்து எல்லையோடு நின்றுவிடும் என்று எவ்வாறு எதிர்பார்ப்பது? ‘கள்ளத்தோணி’ என்ற வசைச்சொல் கரையோரத்திலிருந்து மலையேறி, கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மேல் விழுந்ததும் இக்காலத்திலேதான். அச்சொல்லை வடக்கிலும் நம்மவர் வாய் கூசாமல் வழங்கினர்.

ஒரு மறுப்பும் அதன் நியாயமும்

‘டில்லி வாய் திறவாதிருந்தால் மட்டும் 1948இல் வேறு நடந்திருக்குமோ?’ என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. 1947 தேர்தலில் தோட்டப்பகுதி வாக்குகள் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கும், பல இடங்களில் இடதுசாரிகளுக்கும் சென்றமை ஐக்கிய தேசியக் கட்சியைக் கலங்கச் செய்தது. வாக்குரிமைப் பறிப்பில் இனபேதத்தோடு வர்க்கபேதமும் கலந்திருந்தது. தமிழ்க் காங்கிரசின் தலைமை அரசாங்கத்தோடு சேர்ந்ததும், அதனை எதிர்த்துப் பிரிந்த செல்வநாயகம் முதலியோர் 1949 டிசம்பரிற் சமஷ்டிக் கட்சியைத் தொடங்கியதும் உள்நாட்டு அரசியலின் விளைவுகளேயன்றி டில்லியின் செயலல்ல. பர்மாவையும் நோக்கலாம். 1960களில் அந்நாட்டு இராணுவ அரசு கடைகளையும் வியாபாரத்தையும் தேசியமயமாக்கியபோது, இந்தியா பெரும்பாலும் மௌனமாகவே இருந்து, வெளியேறியோரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டது. அம்மௌனம் அங்கிருந்த தமிழருக்கு ஒரு பாதுகாப்பையும் தரவில்லை.

ஆகையால், தலையீடே தீங்கு என்ற முடிவு பொருந்தாது. தீங்கு விளைந்தது தலையீடு கொண்ட வடிவத்தால்: ஒரு ஜனசமூகத்தின் விவகாரத்தை அச்சமூகத்தைப் பிரதிவாதியாகவோ வாதியாகவோ சேர்க்காமல், இரண்டு அரசுகள் தமக்குள் பேசித் தீர்க்கும் எல்லைத் தகராறாக ஆக்கிய வடிவம். தோட்டத் தொழிலாளர் இதனை உணராமலில்லை. 1950இலேயே அவர்களுடைய தொழிற்சங்கம் ‘இந்திய’ என்ற சொல்லை நீக்கி, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது.

எண்ணிக்கைப் பங்கீடு

1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்த்துக்கொள்ளப்படுவர். யாவும் பதினைந்து ஆண்டில் நிறைவேறும். ஏழுக்கு நான்கு என்ற விகிதம் இதிலிருந்து பிறந்தது. எஞ்சியோரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் பாதிக்குப் பாதி, எழுபத்தையாயிரமாகப் பகிர்ந்தனர். கச்சதீவு ஒப்பந்தமும் அவ்வாண்டிலேயே முடிந்தது; தீவைப் பற்றித் தமிழகத்தில் எழுந்த ஆரவாரத்தில் நூறில் ஒரு பங்கும் இம்மனிதரைப் பற்றி எழவில்லை.

டில்லி ஏன் இணங்கிற்று என்பது பெரிய மர்மமன்று. 1962இற் சீனாவோடு நடந்த யுத்தத்தில் அது அவமானப்பட்டிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் மகாநாட்டைக் கூட்டிச் சமரசம் செய்ய முன்வந்த சிறிமாவோவின் நட்பு அதற்கு வேண்டியிருந்தது. 1964 மே மாதத்தில் நேரு மறைந்தார். புதிய பிரதமர் அயலாரோடு பிணக்குகளை முடித்துக்கொள்ள விரும்பினார். இவை யாவும் ராஜதந்திரத்தில் நியாயமான காரணங்களே. ஆனால் அக்காரணங்களுள் ஒன்றேனும் கொட்டகலையிலோ மஸ்கெலியாவிலோ கொழுந்து பறிப்பவளைப் பற்றியதன்று. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் எதிர்த்தார்; பயனில்லை.

ஒப்பந்தம் எண்ணைத் தீர்மானித்துவிட்டு விருப்பத்தைப் பிறகு கேட்டது. இந்தியப் பிரஜாவுரிமை வேண்டி விண்ணப்பித்தோர் வகுத்த தொகைக்குக் குறைந்தனர். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டோர் வகுத்த தொகைக்கு மிஞ்சினர். அவரவர் எங்கே இருக்க விரும்பினர் என்பதற்கு இதைவிட வேறு வாக்கெடுப்பு வேண்டுமா? 1981 அக்டோபரில் நீட்டப்பட்ட தவணையும் முடிந்தது. 1984இல் இராமேசுவரக் கப்பலும் நின்றது. மறுவருடம் திம்புவில் தமிழ் இயக்கங்கள் முன்வைத்த நான்கு கோட்பாடுகளுள் கடைசியானது, இத்தீவைத் தாயகமாகக் கொண்ட தமிழர் யாவர்க்கும் பிரஜாவுரிமை. அதன்பின் 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் படிப்படியாக முடிச்சை அவிழ்த்தன. இவற்றில் 2003ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியப் பாஸ்போட் பெற்றும் போகாதிருந்தோரையும் சேர்த்துக்கொண்டது. கவனிக்கத்தக்க விஷயம், தொழிலாளரின் வாக்குப்பலமும் இலங்கைப் பாராளுமன்றக் கணக்கும் முன்னுக்கு வந்த காலத்திலேதான் இவை நடந்தன என்பது.

வன்னியிலே

அவ்விரு அரசுகளின் கணக்குக்குள் அடங்காமற் போனோரே வன்னிக்கு வந்தனர். 1958 கலவரத்தின்பின் சிலர். 1970களின் பஞ்சத்தில் மரவள்ளிக்கும் வழியின்றிப் பலர். 1977 ஆகஸ்ட் வன்செயலின்பின் ஆயிரக்கணக்கில். வவுனியாவைத் தளமாகக் கொண்டு டாக்டர் இராசசுந்தரமும் கட்டடக்கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தீயம், அவர்களைக் குடியிருத்தும் பணியை மேற்கொண்டது. இராசசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையிற் கொலையுண்டார். கென்ற் பண்ணையிலும் டொலர் பண்ணையிலும் குடியேறியிருந்தோர் 1984இல் வெளியேற்றப்பட்டனர்.

வந்தோரை நாம் எப்படி வரவேற்றோம் என்பதையும் எழுதவேண்டும். வயலுக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் கூலியாளாக வரவேற்றோம்; ‘தோட்டக்காட்டார்’ என்று பெயரிட்டோம்; எல்லைக் கிராமங்களில் முன்னே குடியிருத்தினோம். டில்லியையும் கொழும்பையும் நிறுத்தி விசாரிக்கும் கூண்டில் வன்னிக் கமக்காரனுக்கும் ஓர் இடம் உண்டு.

புளியங்குளத்துக்குக் கிழக்கே, பாதையோரத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டு முற்றத்திற் சில மாலைகள் இருந்து பேசியதுண்டு. “தம்பி, கொஞ்சம் இருங்க” என்று உள்ளே சென்று, பிளாஸ்திக் பை ஒன்றைக் கொண்டுவந்து பாயிற் கொட்டுவார். தகப்பனாருடைய தோட்டத்துப் பற்றுச்சீட்டு, பாஸ்போட் விண்ணப்பித்த துண்டு, மூலை கருகிய பிறப்புப் பத்திரம், இடம்பெயர்ந்த முகாம்களின் குடும்ப அட்டைகள். 1997இல் இச்சந்தி போர்க்களமாகியபோது சட்டி பானையை விட்டு ஓடியவர், அந்தப் பையை மட்டும் வயிற்றோடு கட்டிக்கொண்டு ஓடியதாகச் சொன்னார். ஏழு நாலு என்று பங்கு பிரித்தார்களே, எங்கள் வீட்டில் நாங்கள் ஒன்பது பேர், அதை எப்படிப் பிரிப்பது என்று தம் தகப்பனார் தோட்டத்துக் கிளாக்கரைக் கேட்டதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். மூத்த அண்ணன் குடும்பம் மேற்குப் பாதையிற் போய்க் கூடலூர்ப் பக்கம் சேர்ந்தது. மற்றவர்கள் இங்கே.

போருக்குப்பின் இந்திய அரசாங்கம் ஐம்பதினாயிரம் வீடுகள் கட்டித்தர முன்வந்தது. வீடொன்றுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா. வடக்கிற் பல குடும்பங்கள் அதனால் மழைக்கு ஒதுங்கின. நன்றியோடு நினைக்கவேண்டிய கொடை. ஆனால் வீடு கட்டுவதற்குச் சொந்தக் காணி வேண்டும். காணி என்பதற்கு உறுதியோ உத்தரவுப் பத்திரமோ வேண்டும். பத்திரமின்றிக் காடு வெட்டியோரும், பிறர் காணியில் வேலியோரம் இருந்தோரும், காணிக் கச்சேரி வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லப்பட்டனர். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் பத்திரமே அது. இவ்வம்மையாரின் பையில் மற்றெல்லாம் இருந்தது, அது இருக்கவில்லை.

மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கும், ஓமந்தையிலிருந்து புளியங்குளம் வழியாகப் பளைக்கும் போரில் அழிந்த தண்டவாளங்களை இந்தியக் கடனுதவியோடு இந்தியக் கம்பனி ஒன்றே மீளப் போட்டுக் கொடுத்தது. மாலை வண்டி யாழ்ப்பாணப் பக்கம் போகும் ஓசை அம்முற்றத்துக்குக் கேட்கும். அது கடந்து போகும்வரை பேச்சை நிறுத்தியிருந்துவிட்டு, அவர் பத்திரங்களை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தார்.